ஆற்காடு தந்த கருவி வல்லுநர் சையிது மீர் முஹ்சின் ஹுசைன்

சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் வடக்குப் பெருஞ்சாலை, ஆந்திர எல்லையைத் தொடுமுன் எளாவூரைக் கடந்து செல்கின்றது. எளாவூருக்குச் சற்றுத் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இப்பகுதி இளைஞர் பலர் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் பயின்று, அங்குள்ள ஆலைகளில் கருவி பழுதுபார்ப்போராகவும் ஆய்வுக்கூடத்தில் மாதிரி சோதிப்போராகவும் பணியாற்றி வருகின்றனர். உருக்கின் தரம் இதுவெனச் சான்றிதழில் கையொப்பம் இடுபவர் ஒருவர். அந்த அளவைக் கருவி பிழையின்றிக் காட்டுமாறு அதனைச் செப்பம் செய்து வைத்தவர் மற்றொருவர். முன்னவர் பெயர் தாளில் நிற்கின்றது. பின்னவர் பெயரோ வருகைப் பதிவேட்டோடு முடிந்துவிடுகின்றது. ஆலைக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று இது. கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இதே நிலையைக் காண்கிறோம்.

இந்தப் பெருஞ்சாலை சென்று முடியும் கல்கத்தாவுக்கு, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்னையிலிருந்து ஒருவர் அழைத்துச் செல்லப்பட்டார். ஆற்காட்டைச் சேர்ந்தவர்; நகைத்தொழிலில் பழகிய கையினர்; ஆங்கிலம் அறியாதவர்; ஐரோப்பாவைக் கண்ணால் கண்டதும் இல்லை. ஆயினும் இந்தியத் துணைக்கண்டத்தைக் குமரியிலிருந்து இமயம் வரை அளந்த பெரும்பணியின் நுண்கருவிகள் அவர் கையை நம்பி நின்றன. அவர்தாம் சையிது மீர் முஹ்சின் ஹுசைன். நில அளவை வரலாறு அறிந்தோர் அனைவரும் அறிந்த பெயர் இது. ஆற்காட்டுக்கு அண்மையில் வாழும் நாம் அறிந்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி.

முஹ்சின் ஹுசைனின் பெருமையை உணர வேண்டுமாயின், அவர் கைபட்ட பணி எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். ஒரு கோட்டின் நீளம் தெரிந்தால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு மலையுச்சியையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை அளந்து, முக்கோணத்தின் ஏனைய இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் மற்றொன்று. இவ்வாறு முக்கோணங்களைச் சங்கிலிபோல் கோத்துக்கொண்டே நாடு முழுவதையும் அளந்துவிட முடியும். பின்னாளில் இப்பணி பெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. அதன் முதுகெலும்பாக அமைந்தது குமரிமுனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் நீண்ட பெரு வில் என்னும் கோடு.

இதற்கெல்லாம் அடிப்படை தியோடலைட் என்னும் கோணமானி. லாம்டன் லண்டனில் கேரி என்பாரிடம் செய்வித்து வரவழைத்த பெருங்கருவி ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. அதன் கிடைவட்டம் 36 அங்குல விட்டமுடையது. அவ்வட்டத்தின் விளிம்பில் பாகைகளும் அவற்றின் உட்கூறுகளும் நுண்கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும்; நுண்ணோக்கிகள் வழியே அக்கோடுகளைப் படித்துக் கோணத்தைக் குறிப்பர்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு வட்டத்தில் 360 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலைக்கு 60 விகலை. ஆக ஒரு வட்டத்தில் 12,96,000 விகலைகள். 36 அங்குல விட்டமுடைய வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலைக்குரிய இடம், ஒரு மில்லிமீட்டரை 450 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான். தலைமயிர் ஒன்றின் தடிப்பு அவ்விளிம்பில் ஏறத்தாழ 30 விகலைகளை மறைத்துவிடும். 30 மைல் தொலைவிலுள்ள ஒரு குறியை நோக்கும்போது ஒரு விகலைப் பிழை 23 சென்டிமீட்டர்ப் பிழையாகும். ஒரு மயிரிழைப் பிழையோ 7 மீட்டராக வளர்ந்துவிடும். அப்பிழையும் ஒரு முக்கோணத்தோடு நில்லாது அடுத்தடுத்த முக்கோணங்களுக்கும் பரவும். விளிம்பில் கோடு பொறிப்பவன் கை நடுங்கினால் நாட்டின் அளவே நடுங்கும் என்று சொன்னால் அது மிகையாகாது.

இத்தகைய கருவியைத்தான் மாட்டு வண்டியிலும் ஆட்கள் தோளிலும் ஏற்றிக் காடு மலைகளில் தூக்கித் திரிந்தனர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதனை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வட்டம் வளைந்து உருக்குலைந்தது. லாம்டன் கைவினைஞரை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அறைக்குள் அமர்ந்து அதனைத் தட்டி நிமிர்த்தினார். அவரோடு அமர்ந்து தட்டிய கைகள் எவருடையவை? வரலாறு லாம்டனின் பொறுமையைத்தான் போற்றுகின்றது.

லண்டனுக்குக் கருவியைப் பழுதுபார்க்க அனுப்பலாமே எனில், சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய் வரவேண்டும். பழுது இங்கேயே தீர வேண்டும். தீர்க்கும் கையும் இங்கேயே கிடைக்க வேண்டும்.

சென்னையிலிருந்து கல்கத்தா

ஆற்காடு நவாபுகளின் தலைமையிடம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைச் சேப்பாக்கத்துக்கு மாறியது. 1801-இல் கருநாடக ஆட்சி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அரசவையின் ஆதரவால் வாழ்ந்த கைவினைஞர்க்கு இது பெரும் மாற்றம். அந்தத் தலைமுறையின் நுண்தொழில் மரபில் வந்தவர் முஹ்சின் ஹுசைன்.

அவரைக் கண்டெடுத்தவர் கர்னல் வாலண்டைன் பிளாக்கர். சென்னைப் படையில் உயர்பதவி வகித்த பிளாக்கர் 1823-இல் இந்தியாவின் நில அளவைத் தலைவர் ஆனார். சென்னையில் முஹ்சின் ஹுசைனின் கைத்திறனை அறிந்திருந்த அவர், கல்கத்தாவிலுள்ள தம் அலுவலகக் கருவிகளைப் பேணுவதற்கு அவரை வரவழைத்துக்கொண்டார். பொன்னையும் மணியையும் பதித்துப் பழகிய கை, பித்தளை வட்டத்துக்கும் நுண்திருகுக்கும் மாறியது. திருகு, நெம்பு, அரம் ஆகியவை இரண்டுக்கும் பொது. கண்ணின் கூர்மையும் அப்படியே.

பிளாக்கர் நெடுநாள் இருக்கவில்லை. 1826-இல் கல்கத்தாவிலேயே இறந்தார். லாம்டனுக்குப்பின் முக்கோண அளவையை ஏற்றிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அப்போது உடல்நலம் குன்றி இங்கிலாந்தில் இருந்தார். 1830-இல் அவர் நில அளவைத் தலைவராகத் திரும்பியபோது புதிய கருவிகள் பலவற்றைக் கொண்டுவந்தார். 36 அங்குலப் புதிய தியோடலைட் ஒன்று. அடிக்கோடு அளப்பதற்கு இரும்பும் பித்தளையும் இணைந்த ஈடுசெய் சட்டங்கள். வெயிலில் பித்தளை மிகுதியாகவும் இரும்பு குறைவாகவும் நீளும். அந்த வேறுபாட்டையே பயன்படுத்தி, சட்டத்தின் இரு முனைக் குறிகளுக்கு இடையே உள்ள தொலைவு மட்டும் மாறாதிருக்குமாறு அமைத்த நுட்பமான பொறி அது. கருவிகளோடு கருவி செய்வோர் ஒருவரும் லண்டனிலிருந்து வந்தார். ஹென்றி பாரோ என்னும் அவருக்குக் கணிதக் கருவி ஆக்குநர் என்ற பதவி தரப்பட்டது. முஹ்சின் ஹுசைன் அவர்கீழ் வைக்கப்பட்டார்.

பாரோவும் சிறந்த தொழில் வல்லுநரே. லாம்டனின் அடிபட்ட பழைய தியோடலைட்டைக் கல்கத்தாவில் பிரித்துப் புதுக்கிக் கட்டியவர் அவர். ஆனால் எவரெஸ்ட் எவரோடும் எளிதில் ஒத்துப்போகும் இயல்பினர் அல்லர். கடுஞ்சொல்லும் முன்கோபமும் அவருடைய துணைவர் பலரையும் வாட்டின. இருவருக்கும் இடையே மனவேறுபாடு முற்றி, 1839-இல் பாரோ அப்பணியிலிருந்து நீங்கினார்.

அப்போது களத்தில் நின்ற கருவிகளுக்கு உயிர் கொடுத்தவர் முஹ்சின் ஹுசைன். பெரிய தியோடலைட்டின் கிடைவட்டத்தில் கோடுகளைப் புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. லண்டனில் இதற்கெனப் பெரும் பகுப்புப் பொறிகள் உண்டு. இங்கே அவை இல்லை. எவரெஸ்ட் முஹ்சின் ஹுசைனின் துணைகொண்டு அவ்வேலையை இந்திய மண்ணிலேயே செய்துமுடித்தார். ஐந்து கலைக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வட்டத்துக்கு 4320 கோடுகள் வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கருவிகள் எவ்வாறு உழைத்தன என்பதற்கு அளவையே சான்று. 1834–35-இல் தேராதூனில் ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோடு ஒன்று சட்டங்களால் நேரே அளக்கப்பட்டது. 1837–38-இல் தெற்கே 400 மைலுக்கும் அப்பால் சிரோஞ்சில் மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. முக்கோணங்களின் வழியே சிரோஞ்சிலிருந்து கணித்துக்கொண்டு வந்த தேராதூன் கோட்டின் நீளத்துக்கும் நேரே அளந்த நீளத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏழு அங்குல அளவே. 1841-இல் பீதர் அடிக்கோட்டோடு பெரு வில்லின் பணி நிறைவுற்றது.

பதவி என்னும் சிக்கல்

வேலை முஹ்சின் ஹுசைன் செய்தார், பதவி எவருக்கு? லண்டன்காரர் ஒருவர் இருந்த இடத்தில், ஆங்கிலம் அறியாத ஆற்காட்டுக்காரர் ஒருவரை அமர்த்துவது கம்பெனி ஆட்சியில் எளிய செயல் அன்று. பழுதுபார்ப்பவர் என்ற அளவில் அவரை வைத்துக்கொண்டு, அதே வேலையைக் காலமெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கலாம். அதுவே வழக்கமும் கூட. எவரெஸ்ட் அவ்வழக்கத்துக்கு உடன்படவில்லை. முஹ்சின் ஹுசைனின் புனைதிறனையும், எந்தப் பொறியமைப்பையும் கண்டவுடன் உள்வாங்கும் அறிவையும் எழுத்தில் பதிவு செய்தார். பாரோ வகித்த பதவிக்கே அவரைப் பரிந்துரைத்தார். 1843-இல் சையிது மீர் முஹ்சின் ஹுசைன் கணிதக் கருவி ஆக்குநர் ஆனார். அதே ஆண்டின் இறுதியில் எவரெஸ்ட் ஓய்வு பெற்று இந்தியாவை விட்டுச் சென்றார்.

எவரெஸ்டின் இச்செயலை நன்றியோடு நினைக்கும்போதே ஒன்றையும் கருத வேண்டும். தம்மையும் தம் பணியாளரையும் உள்ளூர் அதிகாரிகள் கம்பாஸ்வாலா என்று அழைப்பதை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. தமக்குரிய பட்டத்தால் குறிக்கப்பட வேண்டும் என்று சினந்தார். பெயரின் மதிப்பு அவருக்குத் தெரியும். ஆனால் முஹ்சின் ஹுசைனுக்குப் பதவி கிடைத்தது ஒரு தலைவர் மனம் வைத்ததால். அத்தலைவர் ஈராண்டு முன்னரே கப்பல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முறைமை ஒன்று இல்லாத இடத்தில் திறமையுடையவன் நல்ல மேலதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

நல்ல மேலதிகாரி போனபின் என்ன நேரும் என்பதற்கு அதே அலுவலகத்திலேயே சான்று உண்டு. ராதாநாத் சிக்தார் 1831-இல் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் கணக்கராகச் சேர்ந்தவர். கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவர். உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணித்த பெருமை அவருக்குரியது. 29,002 அடி எனும் அவ்வளவு 1856-இல் அறிவிக்கப்பட்டது. 1865-இல் சிகரத்துக்கு வைக்கப்பட்ட பெயரோ எவரெஸ்ட். 1851-இல் வெளிவந்த நில அளவைக் கையேட்டின் முன்னுரையில் ராதாநாத்தின் பங்கு நன்றியோடு குறிக்கப்பட்டிருந்தது. அவர் 1870-இல் மறைந்தார். 1875-இல் வந்த பதிப்பில் அந்த நன்றிக்குறிப்பு நீக்கப்பட்டது. மறைந்தவர் உழைப்பைக் களவாடியதாகக் கல்கத்தா இதழ் ஒன்று அடுத்த ஆண்டே கடிந்து எழுதியது. முன்னுரையில் இரண்டு வரி. அதைக்கூட அடித்துவிட முடிகின்றது.

நம் சென்னையிலும் ஒருவர் இருந்தார். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் 1840-ஐ ஒட்டி இளம் உதவியாளராகச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872-இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே. 1880-இல் மறையும் வரை அவர் உதவியாளராகவே இருந்தார். வெளிநாட்டுக் கழகம் உறுப்பினராக ஏற்ற ஒருவரை உள்ளூர் அலுவலகம் தலைவராக்க எண்ணவில்லை.

இங்கே ஒரு பழைய மரபை நினைவூட்டுதல் தகும். இஸ்லாமிய நாகரிகத்தில் கருவி செய்வோர் பெயரற்றவராக இருந்ததில்லை. 9-ஆம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூன் காலத்தில் ஒரு பாகையின் நீளத்தைப் பாலை வெளியில் அளந்த குழுவை முன்னின்று நடத்தியோருள் ஒருவர் அலீ இப்னு ஈஸா. அவருடைய பெயரின் ஈற்றில் நிற்கும் அல்-அஸ்துர்லாபி என்ற சிறப்புப் பெயருக்கு அஸ்துர்லாப் என்னும் வான்கோளக் கருவி செய்பவர் என்பதே பொருள். தொழிலே பட்டமாக நின்றது! முகலாயர் கால லாகூரில் உஸ்தாத் அல்லாஹ்தாதின் குடும்பத்தார் நான்கு தலைமுறை அக்கருவிகளைச் செய்தனர். அக்குடும்பத்தின் ளியாவுத்தீன் முஹம்மத் தம் கருவிகளில் தம் பெயரோடு தந்தை, பாட்டன் பெயரையும் பொறித்துவைத்தார். இன்று உலக அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன; செய்தவர் எவரெனக் கண்டுகொள்வதில் தடையில்லை. அதே கைமரபின் பிற்காலக் கொழுந்தாகிய முஹ்சின் ஹுசைன் வகுத்த வட்டமோ லண்டன் நிறுவனங்களின் பெயர் தாங்கிய கருவிகளுக்குள்ளே மறைந்து நின்றது. ஆட்சி மாறும்போது கையொப்பமும் இடம் மாறிவிடுகின்றது போலும்.

கைக்குரிய படிநிலை

இவற்றையெல்லாம் பழங்கதையாக ஒதுக்கிவிட முடியாது. 2017-இல் பிரிட்டனின் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் நுட்பப் பணியாளர் உறுதிமொழி என ஒன்றை ஏற்கத் தொடங்கின. நுட்பப் பணியாளரின் பங்களிப்பு புலப்பட வேண்டும். அதற்குரிய ஏற்பு கிடைக்க வேண்டும். பணியில் மேன்மேலும் உயர வழி வேண்டும். அவர்தம் திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டும் என்பன அதன் கூறுகள். முஹ்சின் ஹுசைனுக்கு எவரெஸ்ட் தனியொருவராகச் செய்ததை, நிறுவனங்கள் பொதுவிதியாக்க முற்படுவதே அது என்று கருதலாம்.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் ஆய்வகங்களில், அடையாற்றுத் தோல் ஆய்வு நிறுவனமும் காரைக்குடி மின்வேதியியல் நிறுவனமும் அவற்றுள் அடங்கும், நுட்பப் பணியாளர் ஒரு நிலையில் குறித்த ஆண்டுகள் பணிபுரிந்தபின், மேல்நிலையில் காலியிடம் இல்லாவிடினும் பணி மதிப்பீட்டின் வழி உயரும் முறை நெடுங்காலமாக உண்டு. ஆனால் ஒரு கல்லூரி ஆய்வுக்கூட உதவியாளரை எண்ணிப் பாருங்கள். அமிலத்தின் செறிவைத் தயாரித்து வைப்பவர். நுண்ணோக்கியின் வில்லை ஏன் மங்குகிறது என்று அறிந்தவர். முனைவர் பட்ட ஆய்வாளர் தம் முதல் சோதனையில் திகைத்து நிற்கும்போது எதுவும் பேசாமல் திருகைத் திருப்பிக் கொடுப்பவர். சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெற்றுச் செல்வோர் அவருள் பலர். ஆய்வேட்டின் நன்றியுரையில் பெற்றோர்க்கும் தட்டச்சருக்கும் இடமுண்டு; அவர்க்குச் சில ஏடுகளில் மட்டுமே இடமுண்டு. தொழிற்பேட்டையிலும் அவ்வாறே. ஒப்பந்த முறையில் சேரும் நம் இளைஞர், பத்தாண்டில் ஒரு கருவியின் நாடித்துடிப்பையே அறிந்துகொள்கின்றனர். அந்த அறிவுக்கு ஒரு சான்றோ, அதனால் ஏறக்கூடிய ஒரு படியோ அவர்க்குக் கிட்டுவது அரிது. ஊர்ப் பெரியோரும் கல்லூரி நிர்வாகத்தாரும் ஆலை அதிபர்களும் ஒரே மேசையில் அமரும் வாய்ப்பு இப்பகுதியில் உண்டு. ஆய்வுக்கூடக் கதவில் தலைமைப் பேராசிரியர் பெயரின்கீழ் உதவியாளர் பெயரையும் எழுதுவது செலவில்லாத தொடக்கம். படிநிலையும் ஊதியமும் செலவுள்ளவை. அவற்றையும் பேசத்தான் வேண்டும்.

சையிது மீர் முஹ்சின் ஹுசைன் 1864-இல் காலமானார். 2004-இல் இந்திய அரசு பெரும் முக்கோண அளவையைப் போற்றி அஞ்சல் தலைகள் வெளியிட்டபோது, கணித மேதை ராதாநாத் சிக்தாரும் இமயத்தை நடந்தே அளந்த நைன் சிங்கும் அவற்றில் இடம்பெற்றனர். கருவி ஆக்குநர்க்கு அதில் இடம் கிட்டவில்லை. ஆனால் அவர் அமர்ந்திருந்த பட்டறையின் வழி அறுபடவில்லை. 1830-இல் தொடங்கிய கல்கத்தாக் கணிதக் கருவி அலுவலகம், விடுதலைக்குப்பின் 1957-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் அரசு நிறுவனமாயிற்று. நில அளவைக் கருவிகளையும் ஒளியியல் கருவிகளையும் அது செய்து வந்தது. பின்னர் நலிவுற்ற அந்நிறுவனம் 2009-இல் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கருவி செய்தோரின் வளாகம் இப்போது அப்பல்கலைக்கழகத்தின் வளாகங்களுள் ஒன்று.